விளக்கேற்ற எழுந்தவர்

நடந்ததை மட்டும் நான் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

நோர்வேயின் வடக்கே, மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிறு நகரத்தில் பவளராணி சாப்பாட்டுக்கடை நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து கணவர் சிவநேசனோடு வந்து, மீன் தொழிற்சாலையில் கை விறைக்க வேலை செய்தவர். கணவர் குடித்துவிட்டு அடிப்பார். ஒருநாள் அந்த அடி நடுப்பிள்ளை தர்மினியின் மேலும் விழுந்தது. விடிந்ததும் பவளராணி மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார். பிறகு கடையைத் திறந்தார்.

அந்த நகரத்துத் தமிழர் மன்றம் அவரைத் தள்ளிவைத்தது. "புருசனை விட்டவளின்ர கடையில ஒருத்தரும் சாப்பிடக் கூடாது" என்றார் தலைவர். பவளராணி அசரவில்லை. துறைமுகத் தொழிலாளர்களுக்கு இடியப்பமும் மீன்குழம்பும் பழக்கினார். மன்றத்தின் பொங்கல் விழாவுக்கும் தவறாமல் போவார்; பட்டுச்சேலை உடுத்து முன்வரிசையில் இருப்பார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனால், "நல்லாக் காலை நீட்டி இருங்கோ பிள்ளையள், இடம் கிடக்கு" என்பார். அப்போது தர்மினிக்கு வெட்கமாக இருக்கும். வளர்ந்த பிறகுதான் அது பெருமையானது.

காலம் போக, மன்றத்துக்காரர்களும் கடைக்கு வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் யாருக்கும் சாப்பாட்டை மறுக்கவில்லை. சிவநேசன் வந்து நின்றபோது மட்டும் கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "இந்தப் படி ஏறாதேங்கோ" என்றார்.

சென்ற மாசியில் பவளராணி இறந்துபோனார். மன்றத் தலைவர் நினைவுக்கூட்டத்துக்கு அழைக்க வந்தார். "உங்கட அம்மா எங்கட மன்றத்தின்ர தூண். நல்ல குடும்பப் பெண் எண்டு நான் பேசுவன். அப்பா விளக்கேத்துவார். அதுதானே முறை?"

மூத்தவன் நிரோசன் சம்மதித்தான். "அம்மாவுக்கு முதுகு காட்டின சனம் எழும்பி நிண்டு கும்பிடப் போகுது. ஒரு விளக்குக்காக அதைக் கெடுக்கிறதே?"

"நான் வரமாட்டன்" என்றாள் தர்மினி. கூட்டம் நடந்த அதே நேரத்தில் கடையைத் திறந்து, அம்மாவின் படத்தை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டாள். துறைமுகத்து ஆட்கள் தொப்பியைக் கழற்றியபடி வந்தார்கள். ஒரு கிழவர் மீன்குழம்பை வாயில் வைத்ததும் அழுதுவிட்டார்.

கடைக்குட்டி ஆரணி மண்டபத்துக்குப் போனாள். சிவநேசன் விளக்கேற்ற எழுந்ததும் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தாள். "அப்பா, இருங்கோ. உங்கட அடியாலதான் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவ. அதுக்காக இந்த மன்றம் அவவைத் தள்ளி வைச்சது. விளக்கை நான் ஏத்துறன்."

ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். அவள் உரத்த குரலில் இன்னொரு முறை சொன்னாள். பாதிச் சபை எழுந்து போனது. சிவநேசனும் போனார். "அம்மாவின்ர நாளையே நாசமாக்கிப்போட்டாய்" என்று நிரோசன் கத்தினான். ஆரணி விளக்கை ஏற்றினாள்.

அண்ணன் அம்மாவுக்கு மரியாதை தேடினான். தர்மினி பொய்க்குத் துணைபோக மறுத்தாள். ஆரணி சபையைக் கலைத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: ஆரணி செய்ததுதான் சரி என்றாள் தர்மினி. "அண்ணா, அந்தச் சனம் கும்பிட வந்தது புருசனோட பொறுத்துக் கிடந்த வேற ஒருத்தியை. அது எங்கட அம்மா இல்லை. கடைக்கு வந்த ஆக்களுக்கு அம்மாவை முதலே தெரியும். தெரியாத சனம் மண்டபத்திலதான் இருந்தது." அவள் அப்படிச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. கூட்டம் முடிந்து ஆரணி படியிறங்கியபோது, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி முன்பின் தெரியாத ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "தங்கச்சி, வெளிக்கிட்ட அண்டைக்கு உங்கட அம்மா எங்க போய்த் தங்கினவ?" ஆரணி அந்த மூன்று பேரையும் நேரே கடைக்குக் கூட்டிவந்தாள்.