நாற்பத்தோராவது கடிதம்

நாற்பத்தோராவது கடிதமும் காலையிலேயே வந்துவிட்டது. 'தங்கள் விண்ணப்பம் சிறப்பானது. எனினும் இம்முறை தேர்வு செய்ய இயலவில்லை.' இசக்கிமுத்து அதை இரண்டு தடவை படித்தான். உதவித்தொகையோடு முனைவர் பட்டம் படிக்க அவனுக்கு இந்த வருடம்தான் கடைசி. ஜூலையில் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். இனி விண்ணப்பிக்க ஓர் இடமும் பாக்கியில்லை.

எழுந்து ரெபேக்கா மேடத்தின் அறைக்குப் போனான். எறும்பு ஆய்வில் பெயர் பெற்றவர். அவனைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் ஐந்து வருடமாகத் தற்காலிக உதவியாளனாக இருக்கிறான்.

"மேடம், எங்கிட்ட என்ன குறை?"

அவர் மேசைமேல் இருந்த காகிதக் கட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நம்மகிட்ட ஒரு ஆய்வு மாணவர் இடம் இருக்குல்ல, அதுக்கு எழுபத்தாறு பேர் போட்டிருக்காங்க. பாத்து ஒருத்தரை எடுங்க."

அந்த இடம் விலங்கியல் படித்தவர்களுக்கு மட்டும். அவன் தாவரவியல். வயிற்றெரிச்சலோடுதான் உட்கார்ந்தான்.

ஆனால் வேலை சீக்கிரமே பிடித்துப்போனது. வேண்டாம் என்று சொல்வது இவ்வளவு சுலபம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. ஒருவர் எறும்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் வீட்டுக் கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதியிருந்தார். அவரை ஒதுக்கினான். இன்னொருவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறந்திருந்தார். அவரையும் ஒதுக்கினான்.

"இதைப் பாருங்க மேடம். 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு ஆரம்பிச்சிருக்கு. உங்க பேரைக்கூடப் பாக்கல."

"நீங்க வேலைக்குப் போட்ட விண்ணப்பமும் அப்படித்தான் இருந்துச்சு."

அவன் முகம் சுண்டிப்போனது. "அப்புறம் எப்படி எடுத்தீங்க?"

"அந்தத் தடவை அது ஒண்ணுதான் வந்துச்சு."

மதியத்துக்குள் பதினொன்று மிஞ்சின. அதற்குமேல் குறைக்க முடியவில்லை. எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள், எல்லாரும் எறும்புக்குப் பின்னால் வெயிலில் அலைந்தவர்கள். மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை நீட்டினான்.

"ஏன் இது?"

"சொல்லத் தெரியல மேடம்."

"நேத்து தேர்வுக்குழுவும் இதே பதினொண்ணுல வந்துதான் நின்னுச்சு. நாங்க எடுத்தது வேற ஒண்ணு."

"ஏன் மேடம்?"

"எனக்கும் சொல்லத் தெரியல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்த பத்து பேருக்கும் கடிதம் அடிச்சிருங்க."

தான் எடுத்த பெண்ணுக்கே முதலில் எழுத உட்கார்ந்தான். 'தங்கள் விண்ணப்பம் சிறப்பானது. எனினும்' என்று வந்ததும் கை நின்றுவிட்டது. அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதிப் பார்த்தான். எப்படி எழுதினாலும் அந்தப் பழைய வரியிலேயே போய் முடிந்தது.

"மேடம், இந்தப் பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல."

"அதையே எழுதுங்க."

"எழுதினா நம்ப மாட்டாங்க."

"தெரியும். நீங்க நாப்பத்தோரு தடவை நம்பலையே."