கருவாயனின் வயிறு

காட்டுக் குளத்தின் கரையில் நின்ற மருத மரத்தில் கருவாயன் என்ற குரங்கு காவல் இருந்தது. அது குரல் கொடுத்தால் சிறுத்தை வருகிறது என்று அர்த்தம். அதை நம்பித்தான் மான்கள் தண்ணீரில் வாய் வைக்கும்.

ஒரு மதியம் கருவாயன் கண்ணயர்ந்துவிட்டது. சிறுத்தை பாய்ந்து வந்து, செவலை என்ற மானின் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து கருவாயனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதரிலிருந்து கண்ணை எடுக்காமல், கைக்கு எட்டிய காயையெல்லாம் மெல்லாமல் விழுங்கியது. வயிறு உப்பியது, எரிந்தது. வயிறு புரளும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தது. நெஞ்சு படபடத்தால் சிறுத்தை வந்துவிட்டது என்றே தோன்றியது. உடனே கத்தியது. மான்கள் சிதறி ஓடின. பார்த்தால் வெறும் காற்று. சற்று நேரத்தில் மறுபடியும் கத்தியது.

கோடை முற்றியது. தண்ணீர் குடிக்க முடியாமல் தாய் மான்களுக்குப் பால் வற்றியது.

"இந்தக் குளமே வேண்டாம். மலைக்கு அப்பால் போய்விடலாம்," என்றது மந்தையின் தலைவன் கொம்பன்.

"குட்டிகள் அவ்வளவு தூரம் நடக்காது. கொஞ்சம் பொறு," என்று சொல்லிவிட்டுச் செவலை மரத்தடிக்கு வந்தது. அதன் முகத்தைப் பார்க்கவே கருவாயனுக்குக் கூசியது.

"இப்போது எதைப் பார்த்துக் கத்தினாய்?"

"எதையும் பார்க்கவில்லை. உள்ளே என்னமோ புரண்டது," என்று கருவாயன் வயிற்றைத் தொட்டுக் காட்டியது.

"குட்டி போனபின் எனக்கும் அப்படித்தான். அசைபோட முடியவில்லை. தின்ற புல் கல்லாய்க் கிடந்தது. அது கிடந்தவரை, சருகு அசைந்தாலும் சிறுத்தையாகத் தெரிந்தது. நீ உட்கார்ந்து மென்று சாப்பிடு. அதுவரை நான் காவல் நிற்கிறேன்."

"என்னால்தானே உன் குட்டி..."

"ஆமாம். இன்னொரு குட்டி போகக்கூடாது. சாப்பிடு."

கருவாயன் காயைப் போட்டுவிட்டுத் தளிரைப் பறித்தது. முதலில் இரண்டு வாய்கூட இறங்கவில்லை. செவலை நகரவில்லை. நாள் போகப் போக வயிறு அடங்கியது. கூடவே நெஞ்சும் அடங்கியது.

ஒரு காலையில் புதர் அசைந்தது. கருவாயன் உற்றுப் பார்த்தது. காட்டுப்பன்றி. கருவாயன் கத்தவில்லை. மான்கள் வயிறாரக் குடித்தன. வெயில் ஏறியபோது மூங்கிலுக்குப் பின்னால் ஒரு வால் நுனி தெரிந்தது.

"மூங்கில் பக்கம்!"

மான்கள் எதிர்ப்பக்கம் பாய்ந்தன. சிறுத்தை வெறும் வாயோடு திரும்பியது. கொம்பன் அதன்பிறகு மலையைப் பற்றிப் பேசவில்லை.

மனம் கலங்கினால் வயிறு கெடும், வயிறு கெட்டால் மனம் கலங்கும். ஆகையால் ஒன்றைத் தேற்ற நினைப்பவர் மற்றதையும் கவனிக்க வேண்டும்.