ஆவுடை மதினி பின்சீட்டில் உக்காந்த கதை

கோமதிநாயகம் அண்ணாச்சி பேச ஆரம்பிச்சாருன்னா அவரு கழுத்துல கத்தி வைக்க எனக்குப் பயம். ஒவ்வொரு புளுகுக்கும் தொண்டைக்குழி மேல போயிட்டுக் கீழ வரும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பாதி முகத்துல சோப்பு நுரையோட நம்ம சலூன் நாற்காலியில உக்காந்திருக்காரு. பெஞ்சுல பேப்பரும் கையுமா சூசை அண்ணாச்சி, ரிட்டயர்டு போஸ்ட்மேன்.

விசயம் இதுதான். கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு ஒரு பெரிய டூரிங் பைக்கு மேல உசுரு. ரெண்டு பக்கமும் பொட்டி வச்சு, எருமைக்கடா கணக்கா நிக்கும். "பின்னால உக்காருதவ நான். உக்காந்து பாத்துட்டுத்தான் வாங்கலாமா வேண்டாமான்னு சொல்லுவேன்"ன்னுட்டாங்க அவரு வீட்டம்மா ஆவுடை மதினி. முந்தாநாள் ரெண்டு பேரும் ஓட்டிப் பாத்துட்டு வந்தாச்சு. மதினி இன்னும் வாயத் திறக்கல. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லலன்னா ஷோரூம்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவான். மனுசனுக்கு இருப்புக் கொள்ளல. வாய் மட்டும் ஓயல.

"வண்டி எப்படி அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

"அது வண்டியா டே! டூரிங் வண்டின்னு சொன்னதும் உங்க மதினி டூருக்கே கிளம்பிட்டா. புளியோதரை, தூக்குவாளி, போர்வை. 'அம்மா, ரயில்வே கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பணும், நாலு கிலோமீட்டர்தான்'ங்கான் ஷோரூம்காரன். இவ எங்க கேட்டா? ரெண்டு எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில வச்சா. 'அம்மா, இது எல்லாரும் ஓட்டிப் பாக்குத வண்டி, பூசையெல்லாம் வித்த வண்டிக்குத்தான்'னான். 'வண்டி யாருதா இருந்தா என்ன, மேல உக்காருத உசுரு என்னுதுல்லா'ன்னுட்டா."

"இது வரைக்கும் நம்புதேன்"ன்னாரு சூசை.

"கேளும் வே. கிளம்புனேன். எலுமிச்சம்பழம் நசுங்குன சத்தம் காதுல விழும்போது ராஜபாளையம் தாண்டியாச்சு. குறுக்க ஒரு ஆடு. ஹாரன் அடிச்சேன். சத்தம் வண்டிக்கு முன்னால போகணும்லா? போக முடியல! பின்தங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல மூச்சு வாங்கி உக்காந்துட்டு. திரும்பி வரும்போதுதான் அதக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

"அப்ப ஆடு?"

"ஆடு தானா ஒதுங்கிட்டு. அதுக்கு அறிவு உண்டு. உம்ம மாதிரி குறுக்க குறுக்க விழாது."

நான் அவரு கழுத்துல இருந்து கத்திய எடுத்துட்டுத் தள்ளி நின்னேன்.

"பின்னால இவ ஏச ஆரம்பிச்சா. 'மெதுவாப் போங்க, ஒரு பொறுப்பு உண்டா, தண்ணித் தொட்டியக் கழுவச் சொன்னேனே, கழுவுனீங்களா?' ஒரு எழுத்து என் காதுல விழல டே! கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல முதல் தடவ. அம்புட்டும் காத்தோட பின்னால போயிட்டு. கிருஷ்ணன்கோவில்ல எவனோ ஒருத்தன் சிவனேன்னு டீ குடிச்சிக்கிட்டு நின்னிருக்கான். மொத்த ஏச்சும் அவன் மேல விழுந்துட்டு. 'தப்புத்தாம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டவன், நேரா வீட்டுக்குப் போயித் தொட்டியக் கழுவிட்டான்."

"அது உமக்கு எப்படி வே தெரியும்?"

"திரும்பி வரும்போது அவன் பொண்டாட்டி வழிமறிச்சால்லா! 'அக்கா, வாரத்துக்கு ஒருக்கா இந்தப் பக்கம் வந்துட்டுப் போங்க'ன்னு கெஞ்சுதா."

சூசை அண்ணாச்சி பேப்பரால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. பேப்பர் ஆடுது.

"நாக்பூர்ல பசி. பொட்டலத்தப் பிரிச்சா, புளியோதரையக் காணல. போன வேகத்துல நேரம் பின்னால ஓடிட்டு வே. சோறு அரிசியாயிட்டு, புளி கொட்டையோட தனியாக் கிடக்கு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா நாத்தா முளைச்சிருக்கும். பட்டினியாவே காசி போய்ச் சேந்தோம். கங்கையில ஒரு முங்கு. உங்க மதினி ஈரத்தலையோட என்னப் பாத்து, 'ஏங்க, இந்த வண்டிய வாங்கிருவோம்'ன்னா."

இதச் சொல்லும்போது மட்டும் அவரு குரல் கம்மிப் போச்சு. இந்த ஒரு வார்த்தையக் கேக்கத்தான் மனுசன் காசி வரைக்கும் போயிருக்காருன்னு நினைச்சதும் எனக்குப் பாவமாயிட்டு.

"திரும்பி ஷோரூமுக்கு வந்தா, நாங்க ரெண்டு பேரும் இன்னும் கிளம்பவே இல்ல! இவ எலுமிச்சம்பழத்தோட நிக்கா. நான் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன். என் தோள நானே தட்டி, 'வே கோமதிநாயகம், காசிக்குப் போயிட்டு வாரேன், வண்டி பிரமாதம்'னேன். அவன் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, 'புளுகாதீரும்'னுட்டான் வே!"

"உம்ம நல்லாத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தந்தான்"ன்னாரு சூசை.

அப்பத்தான் பாத்தேன், வாசல்ல ஆவுடை மதினி. எவ்வளவு நேரமா நிக்காங்களோ.

"மதினி, நெசமாவே காசிக்கா போனீங்க?"ன்னு கேட்டேன்.

மதினி சிரிக்கல. "வண்டிய எடுத்துக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன். உக்கார நல்லாத்தான் இருந்துது, முதுகு வலிக்கல. வந்த இடத்துல இதக் கேட்டேன்." அண்ணாச்சி பக்கம் திரும்புனாங்க. "காசிக்குப் போனவங்க, தனக்கு ரொம்பப் பிடிச்சது ஒன்ன அங்கயே விட்டுட்டு வரணும். பொறவு ஆயுசுக்கும் அதத் தொடப்படாது. எங்க ஐயா கத்திரிக்காய விட்டாரு, சாகுத வரைக்கும் திங்கல. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது அந்த வண்டி. ஊருக்கே தெரியும்."

அண்ணாச்சி முகத்துல பாதி நுரை, பாதி வேர்வை.

"காசிக்குப் போகலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே ஷோரூமுக்குப் போவோம்."

அண்ணாச்சி என்னப் பாத்தாரு. சூசையப் பாத்தாரு. சூசை பேப்பரக் கீழ போட்டுட்டு, பெஞ்சு நுனிக்கே வந்துட்டாரு. 'சொல்லிருங்க அண்ணாச்சி, சொல்லிருங்க'ன்னு என் மனசு கிடந்து அடிச்சிக்கிடுது.

"போனோமே!"ன்னாரு அண்ணாச்சி. "கங்கையில என் செருப்பு ஒன்னு கூட போயிட்டே, ஞாபகம் இல்லையா உனக்கு?"

"இருக்கு"ன்னாங்க மதினி. "சவரத்த முடிச்சிட்டுச் சீக்கிரம் வாங்க. பன்னெண்டு மணி பஸ்ஸ விட்டா, அடுத்த பஸ்ஸுல எங்க அக்கா வீட்டுக்கு நின்னுக்கிட்டேதான் போகணும்."