அரண்மனைத் தீ

வெண்காடருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவருடைய குரு பூதியம்மையாருக்கு நாற்பதுகூட நிறையவில்லை. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தன்னைவிட வயதில் சின்னவர்களான பேரரசர்கள் முன்னால் காலமெல்லாம் கைகட்டி நின்றவர், ஒரு துறவியின் முன்னால் நிற்கவா யோசிப்பார்?

அவர் பார்த்த உத்தியோகம் அப்படிப்பட்டது. அந்தப் பேரரசில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய அரசர் முடிசூடும் நாளில் நாட்டில் உள்ள அத்தனை வீடுகளிலும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அரண்மனை விளக்கில் பந்தம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு வருவார்கள். அந்தத் தீயில்தான் மறுபடி உலை வைக்கலாம். புதிதாகப் பிடித்த ஊருக்கும் இதே வழக்கம்தான். பந்தக்காரர்கள் எல்லோருக்கும் தலைவர் வெண்காடர்.

முதல் அரசர் காலத்தில் நாடு என்பது ஆற்றங்கரையில் நாலைந்து ஊர்கள்தான். காலையில் அணைத்த அடுப்பு பொழுது சாய்வதற்குள் எரிந்துவிடும், அன்றைக்கு ஊரே கொண்டாட்டம். பின்னால் வந்தவர்களுக்கு ஆறு போதவில்லை, மலை வேண்டியிருந்தது. மலையும் போதாமல் கடல் வேண்டியிருந்தது. நாடு நீள நீளப் பந்தம் வரும் வழியும் நீண்டது. கடைசியில் எல்லை ஊர்க்காரர்கள் ஊறவைத்த அரிசியைத் தின்றுகொண்டு மாதக்கணக்கில் தீக்குக் காத்திருந்தார்கள். திருட்டுத்தனமாக அடுப்பு மூட்டிய வீட்டுக்குக் கூரை மிஞ்சாது. அந்த ஜனங்கள் அரசரை எப்படி வாழ்த்தியிருப்பார்கள் என்று அரண்மனையில் ஒருவரும் விசாரித்துப் பார்க்கவில்லை.

பேரரசு விழுந்தது. தலைநகரம் எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நாட்டின் கடைக்கோடி மலையடிவாரத்தில் இருந்த பூதியம்மையாரின் குடிலுக்கு வெண்காடர் வந்து சேர்ந்தார். எங்கே பிசகினோம் என்று அடிக்கடி கேட்பார். அம்மையார் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் குதிரைவீரன் ஒருவன் வந்தான். காட்டில் மறைந்திருக்கும் இளவரசர் அனுப்பிய ஆள். அரண்மனை விளக்கு நகரத்தோடு போய்விட்டதாம். இளவரசர் கட்டையைக் கடைந்து புதுத் தீ மூட்டியிருக்கிறாராம். அதை வெண்காடர்தான் ஊர்களுக்கு எடுத்துப்போக வேண்டுமாம், அவர் முகத்தைப் பார்த்தால் ஜனங்கள் பழையபடி அடுப்பை அணைப்பார்களாம். அணைக்காத வீடுகளைக் கவனித்துக்கொள்ளப் பின்னாலேயே படை வருமாம். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

வெண்காடருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆயுசு முழுக்கச் சோறு போட்ட அரசு, முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பின்னால் வரும் படை என்ன செய்யும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. நேரே அம்மையாரிடம் போனார்.

“போகட்டுமா அம்மா?”

பூதியம்மையார் குடத்தை எடுத்தார். கஞ்சி வெந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரைக் கவிழ்த்தார். குடில் முழுக்கப் புகை.

“எனக்குப் பசிக்குது வெண்காடரே. தீ கொண்டு வாங்க.”

“இதோ, கீழே ஊர்ல போய் வாங்கிட்டு வரேன்.”

“அது வேணாம். உங்க இளவரசர்கிட்ட இருந்து கொண்டு வாங்க.”

“அவர் எங்கேயோ இருக்காரு அம்மா. நான் போய்த் திரும்பறதுக்குள்ள நீங்க என்ன ஆவீங்க?”

“அதைத்தான் நானும் பார்க்கணும்னு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அம்மையார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெண்காடர் அடுப்படியில் உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. தீயோடு ஊருக்குள் நுழைந்துதான் அவருக்குப் பழக்கம், தீ இல்லாத வீட்டில் காத்திருந்து பழக்கம் இல்லை. அரை வேக்காட்டு அரிசியைப் பார்க்கப் பார்க்க வயிறு இரைந்தது. உச்சிப்பொழுது வருவதற்குள் அவருக்கு அரசர் பேரிலேயே கோபம் வந்துவிட்டது.

அப்போது கீழே ஊரிலிருந்து மாசாத்தி என்ற குடியானவப் பெண் ஏறி வந்தாள். குடிலில் புகை காணோமே என்று, ஓட்டுச் சட்டியில் தணலைச் சாம்பலால் மூடி, தாழங்குடையின் கீழே பத்திரமாக எடுத்து வந்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

சட்டியை நீட்டியவள் வெண்காடரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டப்போகிறாள் என்றே நினைத்தார்.

“ஐயா, பந்தத்தோட வந்தவர்தானே நீங்க?”

“ஆமாம்மா.”

“நாங்க உங்க ராஜாவுக்குக் கீழ வந்த வருஷம் பெருவெள்ளம். ஊர்ல ஒரு அடுப்பு மிச்சமில்லை, கடையறதுக்குக் காய்ஞ்ச கட்டை கிடையாது. என் பிள்ளை காய்ச்சல்ல கிடந்தான். நீங்க கழுத்தளவு தண்ணியில, பந்தத்தைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. அன்னிக்கு வெச்ச கஞ்சியிலதான் அவன் பிழைச்சான்.”

வெண்காடருக்கு அந்த வெள்ளம் ஞாபகம் இருந்தது. வீடு ஞாபகம் இல்லை.

“அடுத்த ராஜா வந்தப்ப அணைக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. சாம்பலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டு, உங்க ஆளுங்ககிட்ட அணைச்சாச்சுன்னு பொய் சொன்னேன். நான் ஒருத்தி இல்லை, ஊரே அப்படித்தான். இது நீங்க கொண்டு வந்த தீதான் ஐயா.”

அன்றைக்கே இது தெரிந்திருந்தால் அவரே அவள் கூரையைக் கொளுத்தச் சொல்லியிருப்பார். இன்று இரண்டு கையாலும் சட்டியை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். “நீ நல்லா இருக்கணும் தாயே” என்றார்.

அவரே குனிந்து ஊதி அடுப்பை மூட்டினார். கஞ்சி கொதித்தது. மாசாத்திக்கும் ஒரு கலயம் கொடுத்து உட்காரவைத்தார். நனைந்துகொண்டிருந்த குதிரைவீரனையும் உள்ளே கூப்பிட்டார். அவன் நல்ல பசியில் இருந்தான், இரண்டு கலயம் குடித்தான். அவ்வளவு ருசியான கஞ்சியை அரண்மனையிலும் குடித்ததில்லை என்று வெண்காடருக்குத் தோன்றியது.

மழை விட்டது. குதிரைவீரன் எழுந்து கச்சையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

வெண்காடர் அம்மையாரைப் பார்த்தார். “இளவரசருக்கு என்ன பதில் சொல்லட்டும் அம்மா?”

பூதியம்மையார் கலயத்தில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அணைஞ்சது அவர் அடுப்புதானே? இவங்ககிட்ட வந்து கொஞ்சம் தணல் கேட்கச் சொல்லுங்க. படை எதுக்கு, ஒரு சட்டி போதும்.”