ராஜா எந்த வரிசையில் நிற்பார்

"இன்னும் உரக்கப் படியும், பண்டிதரே. உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும்" என்றார் ராஜா.

திரைக்குப் பின்னால் முத்துநாச்சிக்கு நன்றாகவே கேட்டது. அவள் அப்பா செத்துப் பதினைந்து நாள். அவருக்கு மகன் இல்லாததால், அவருடைய அண்ணன் மகனான ராஜாவே மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைத்தார். அந்த மலையடிச் சீமையில் அவர் நினைத்தது நினைத்தவுடன் நடந்தாக வேண்டும். மொட்டையில் முடி முளைக்குமுன்னே, சித்தப்பா மகளையே கட்டிக்கொள்வேன் என்று நின்றார்.

பண்டிதர் அனந்தப்பன் ஓலையைத் தூக்கிப் பிடித்தார். "இன்று முதல் சித்தப்பா மகளைத் தங்கை என்று எவனும் சொல்லக் கூடாது. மாமன் மகள் என்றே சொல்ல வேண்டும். மீறுகிறவன் நாக்கு அறுக்கப்படும். அவ்வளவுதான் மகாராஜா! பெயர் மாறினால் முறையும் மாறிவிடும். இது நம் மந்திரிக்குத் தோன்றவில்லை. பாவம், வயசாகிவிட்டது."

சபை சிரித்தது. முத்துநாச்சி மந்திரி ஆவுடையப்பனின் குரலுக்காகக் காத்திருந்தாள். அப்பாவோடு சொக்கட்டான் ஆடியவர்.

"நல்ல யோசனை" என்றார் மந்திரி.

அவள் திரைத்துணியைப் பற்றிக்கொண்டாள். இனி அவளுக்காகப் பேச ஆளில்லை.

"நாளைக் கருமாதிக்கும் அதன்படியே ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று மந்திரி தொடர்ந்தார். "மகாராஜா பங்காளிகளோடு அல்ல, பெண் எடுக்கும் சம்பந்தி வரிசையில் நிற்க வேண்டும். மருமகன் கொண்டுவரும் கோடித் துணிக்கு ஆள் போயிருக்கிறான்."

"நான் எதற்கு அங்கே? கொள்ளி வைத்தவன் நான். என் தலையிலல்லவா உருமால் கட்ட வேண்டும்?"

"உருமால் பங்காளிக்கு, மகாராஜா. அதைக் கட்டிக்கொண்டவருக்குத்தான் சித்தப்பாவின்... மன்னிக்க வேண்டும், நாக்கு போய்விடும்... மாமாவின் கோட்டையும் ஏழு ஊரும். நீங்கள் இப்போது மருமகன். அடுத்த பங்காளி கிழக்கூர் வேலாண்டி. நேற்றே மொட்டையடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்."

"வேலாண்டியா! அவன் எனக்கு விஷம் வைத்தவன்!"

"வெற்றிலைகூடப் போடாமல் காத்திருக்கிறாராம்."

"இரண்டு வரிசையிலும் நான் நின்றால்?"

"தாராளமாக. உங்கள் தலைக்கு நீங்களே கோடி கொண்டுவந்து கட்டிக்கொள்ளலாம். ஜனங்கள் சிரிக்காமலிருக்கப் பண்டிதர் இன்னோர் ஓலை எழுதிக் கொடுப்பார்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ராஜா யோசித்தார். ஏழு ஊரா, அவளா என்றுதான் யோசிக்கிறார் என்பது முத்துநாச்சிக்குத் தெரிந்தது. அந்த யோசனை முடிய வெகுநேரமாயிற்று.

"ஓலையை ஒடித்துப் போடு" என்றார் ராஜா.

மறுநாள் உருமால் ராஜாவின் தலையில் ஏறியது. மந்திரிக்குத் தங்கக் காப்பு கிடைத்தது. பண்டிதர் கழுத்தில் தமுக்கு மாட்டினார்கள். சித்தப்பா மகள் தங்கைதான் என்று ஏழு ஊரிலும் அவரே கத்திக்கொண்டு போக வேண்டும் என்பது உத்தரவு.

ராஜா தாம்பாளத்தில் புதுச்சேலை வைத்து முத்துநாச்சியிடம் நீட்டினார். "அண்ணன் கொடுக்கிறேன். வாங்கிக்கொள், தங்கச்சி." சொல்லிவிட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெளியே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.