பறவை சொல்லிவிடும் என்று பயந்த ஊர்

கடலுக்கு அப்பால், பனிமூட்டம் விலகாத ஒரு தேசம் இருந்தது, கேளுங்கள். ஆங்கிலேயர்கள் ஆடு மேய்த்து, வாற்கோதுமை விதைத்து, சீமைக்கொரு குட்டி ராஜாவை வைத்துக்கொண்டிருந்த காலம்.

அதில் ஒருவர் ஓஸ்மண்ட் ராஜா. அவரை ஏசினால் நாக்கை அறுப்பது சட்டம். பொழுது விடியும்போதே விருந்துக்கு உட்கார்ந்துவிடுவார் மனுஷன். விருந்துக்கு ஊர் மாடுகள் போகும். ஹில்டா என்ற விதவையின் ஒரே உழவு மாடும் அப்படித்தான் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஆல்ரிக் மரக்கோயிலில் லத்தீன் வேதத்தைத் திறந்து, ஊர்ப் பேச்சில் விளக்கினார். ராஜாவை மனசுக்குள்கூட ஏசக்கூடாதாம். ஏசினால் ஆகாயத்துப் பறவை கொண்டுபோய்ச் சொல்லிவிடுமாம்.

அவ்வளவுதான், ஊருக்கே உதறல் எடுத்துவிட்டது. ஏசாதவர் யார் அங்கே? முதல் வாரம் சிட்டுக்குருவிகளை விரட்டினார்கள். இரண்டாம் வாரம் காக்கைகளை விரட்டினார்கள். மூன்றாம் வாரம் ஏரியில் மிதந்த அன்னங்களையும் விரட்டினார்கள். அடப் பாவமே, ஒரு சிறகும் இல்லாத ஆகாயம்! வெள்ளைப் பனிமூட்டத்துக்குள் ஜனங்கள் தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தார்கள். கொத்தித் தின்னப் பறவை இல்லாமல் பயிரில் புழு மண்டியது.

நான்காம் ஞாயிறு ராஜாவே கோயிலுக்கு வந்தார். மணிக்கட்டில் வேட்டைக்குப் பழக்கிய பறவை, ஒரு ராஜாளி. அது கழுத்தை நீட்டி அவர் காதோரம் உரசியது.

சொல்லிவிட்டது என்றே நினைத்தாள் ஹில்டா. இனி மறைத்து என்ன என்று எழுந்தாள்.

"அது சொன்னது உண்மைதான், ராஜாவே. என் மாட்டைத் தின்ற வயிறு வெடிக்கட்டும் என்று ஏசினேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. கத்தி வந்தது. வேதமும் இதைத்தானே சொல்கிறது என்று ஆல்ரிக்கைக் கேட்டார்.

ஆல்ரிக் யோசித்தார். தலையாட்டினால் தன் தலை தப்பும். அவள் நாக்கு போகும். வேத ஏட்டைத் திறந்தார்.

"அறுக்கச் சொல்லி இதில் இல்லை, அரசே. நாலு வரி மேலே, விடியும்போதே பெரியவர்கள் விருந்துண்ணும் தேசத்துக்கு ஐயோ என்று இருக்கிறது. உங்களுக்குப் பயந்து அதை வாசிக்காமல் விட்டேன்."

ராஜா உதட்டில் ஒட்டியிருந்த கொழுப்பைத் துடைத்துக்கொண்டார். பிறகு கத்தியை உள்ளே வைக்கச் சொன்னார்.

மறுநாள், தின்ற மாட்டுக்குப் பதிலாக, ராஜாவின் வெள்ளைக் குதிரை ஹில்டாவின் வயலில் ஏர் இழுத்தது. கோணலாக இழுக்கிறது என்று அதையும் வாய் நிறைய ஏசினாள் அவள்.

ஆகவே, ராஜாவை ஏசாதே என்று ஊருக்குச் சொல்கிறவர், ஏச்சுக்கு இடம் வைக்காதே என்று ராஜாவுக்கும் சொல்ல வேண்டும்.