குரல் வாடகைக்கு

"அம்மணி, குரல் வாடகைக்குக் கிடைக்குங்களா?"

மரகதம் சவுண்ட் சர்வீஸ் கடை வாசலில் நின்று செங்கோடன் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

மரகதம் நிமிர்ந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் நோன்போ, சுற்றுவட்டாரத்தில் அவள் கட்டும் குழாய் ஒலிபெருக்கிதான் பாடும். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுப்பவள், தான் பேசுவது கொஞ்சம். அதனாலோ என்னவோ, மனசில் சிக்கல் உள்ளவர்கள் அவளிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுப்போவது வழக்கமாகியிருந்தது.

"மைக் இருக்குது. பெட்டி இருக்குது. குரல் எதுக்குங்க?"

"கோழி விக்க."

அவள் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். செங்கோடன் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

அவர் வளர்ப்பது சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழி. கறிக்கு அல்ல, வீடுகளில் வளர்ப்பவர்களுக்கு. எந்தச் சேவலோடு எந்தப் பெட்டையைச் சேர்ப்பது என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கூட்டம் அது. அடைக்கு உட்கார்ந்தால் நடுவில் எழுந்து ஓடாத பெட்டை, பருந்தின் நிழல் விழுந்ததுமே குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் பெட்டை. அப்படிப்பட்டவற்றை மட்டுமே நிறுத்திக்கொள்வார்.

விற்கத்தான் வராது. சந்தையில் கூடைக்குப் பின்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்துக் கூடைக்காரர்கள் கூவி விற்றுவிட்டுக் கிளம்பும்போது, "அண்ணா, கோழிக்கு முன்னாடி நீங்க அடைக்கு உட்கார்ந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"அதனாலதான் போன்ல போடலாம்னு பார்த்தேனுங்க. வீடியோ எடுத்தேன். செல்போன் கடையில ஒருத்தர் குரல் சேர்த்துக் கொடுத்தார்."

மரகதம் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு சேவல். பின்னால் பந்தல் துணி. இடி இடித்தது. முரசு அதிர்ந்தது. "வந்துட்டான்டா கொங்குச் சிங்கம்" என்று ஒரு கனத்த குரல் உறுமியது. எழுத்துகள் தீப்பிடித்து எரிந்தன. சேவல் கழுத்தைத் திருப்பித் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தது.

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"நாலாயிரத்து இருநூத்திப் பதினேழுங்க."

"வாங்கினது?"

"சண்டைச் சேவல் இருக்குதான்னு ஒருத்தர் கேட்டார். பிரியாணிக்கு எத்தனை கிலோ தேறும்னு மூணு பேர்."

மரகதம் சிரிக்கவில்லை. அதனால் அவரால் மீதியையும் சொல்ல முடிந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வளர்க்கறதுக்குன்னு ஒரே ஒரு ஆள் வந்து கேட்கட்டும், நான் வாயே திறக்கமாட்டேன்னு வீட்டுல பாவாயி சொல்லிப்புட்டா. இல்லைன்னா கறிக்கடைத் தங்கராசு வந்து எல்லாத்தையும் அள்ளிக்குவாராம். தாய்க்கோழி, சேவல் எல்லாத்தையும். தீனிக்குக் கட்டுப்படி ஆகலீங்க. அவ சொல்றதுலயும் தப்பில்லை."

கொஞ்சம் நிறுத்தி, "அந்த வீடியோவுல இருக்கறதைவிட இன்னும் பெரிய குரலா இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

மரகதம் எழுந்தாள். பேட்டரியையும் ஒரு குழாயையும் மொபெட்டில் கட்டினாள்.

"உங்க வீட்டுக்கு வழி காட்டுங்க" என்றாள்.

*

கோழிகள் முருங்கை மரத்தடியில் கிளறிக்கொண்டிருந்தன. மரகதம் குழாயை வேலியில் கட்டி, செங்கோடனின் போனை அதில் இணைத்தாள்.

இடி இடித்தது.

பெட்டைகள் சிதறி ஓடின. குஞ்சுகள் விறகுக் குவியலுக்குள் மறைந்தன. கொங்குச் சிங்கம் கூரைமேல் ஏறி நின்று கத்தியது. உள்ளேயிருந்து பாவாயி கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரு வீட்டுல என்ன ஆச்சு?"

மரகதம் நிறுத்தினாள். முற்றத்தில் ஒரு கோழிகூட இல்லை.

செங்கோடன் பதறிப்போனார். யார் நிற்கிறார்கள் என்பதை மறந்தார். குத்தவைத்து உட்கார்ந்து கூப்பிட்டார்.

"பாஆ... பப்பப்பா... பாஆ?"

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கோழி கூப்பிடும் விதம் வேறு. ஒரு வீட்டில் நாக்கைச் சொடுக்குவார்கள். இன்னொரு வீட்டில் முறத்தைத் தட்டுவார்கள். தெருவில் எல்லாம் கலந்து மேய்ந்தாலும் அதது தன் வீட்டுச் சத்தத்துக்குத்தான் திரும்பும். செங்கோடனுடையது கடைசியில் மேலே ஏறும், நலம் விசாரிப்பதுபோல.

விறகுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு எல்லாம் வந்தன. ஒரு குஞ்சு அவர் பாதத்தில் ஏறி உட்கார்ந்தது.

மரகதம் வயரைச் சுருட்டி மொபெட்டில் வைத்தாள்.

"அம்மணி, நான் என்ன செய்யட்டுமுங்க?"

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"கூப்பிட்டேன்."

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

*

மறுநாள் காலை தீனி போடும்போது செங்கோடன் போனை வேலியில் சாய்த்து வைத்தார். முகம் விழாதபடி இரண்டு தடவை சரிபார்த்தார். கூப்பிட்டார். கம்பு இறைத்தார். போன் ஓடுவதையே மறந்து, "ஏ கருப்பி, நேத்தும் வேலியோரத்துலதானே முட்டையைப் போட்டே? உனக்குக் கூடை வெச்சுக் கொடுத்தது எதுக்கு?" என்று கேட்டார்.

அப்படியே ஏற்றிவிட்டார். அடியில் ஊர்ப்பெயரும் போன் நம்பரும் மட்டும் எழுதினார்.

சனிக்கிழமை மாலை மரகதம் கடை வாசலில் மறுபடி நின்றார்.

"அம்மணி, தப்பு பண்ணிட்டேனுங்க. முன்னே நாலாயிரத்துச் சொச்சம். இப்ப முப்பத்தொன்பது பேர்தான் பார்த்திருக்காங்க. ஒருத்தரும் கேட்கலை."

மரகதம் ஒரு மைக்கைப் பிரித்து வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுல கோழி எத்தனை?"

"கோழி எப்படிங்க பார்க்கும்?"

அவள் அடுத்த வயரை எடுத்தாள். செங்கோடன் வீட்டுக்குப் போய்த் தங்கராசுக்குப் போன் செய்தார்.

*

ஞாயிறு காலை தங்கராசு வந்தார். பாவாயி டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், வெளியே வரவில்லை. செங்கோடனே கோழிகளைக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. கூப்பிட்டதும் வந்தன. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கடைசிக் கூண்டை வண்டியில் ஏற்றும்போது போன் அடித்தது.

"அண்ணா, நான் வெள்ளக்கோயில் சிவகாமிங்க. போன வருஷம் சந்தையில உங்ககிட்ட ஒரு பெட்டைக்குஞ்சு வாங்கினேன். நீங்க பேசவே இல்லை, அதனால நல்லா ஞாபகம் இருக்குது."

"சொல்லுங்க."

"சமையல் பண்ணிட்டே போனைத் தள்ளிட்டு இருந்தேனா, உங்க வீடியோ ஓடுச்சு. கொல்லையில மேஞ்சிட்டிருந்த கோழி அடுப்படிக்குள்ள ஓடி வந்து, மேடையில ஏறி, போனைக் கொத்துதுங்க. விரட்டினாலும் போகலை. அதைப் பார்த்துத்தான் இது நீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. திரும்பப் போட்டேன், திரும்ப வந்துச்சு. தெருவே வந்து பார்த்துச்சு. எங்க வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்து அனுப்பியிருக்காரு, பாருங்க."

செங்கோடன் போனைத் தூரப்பிடித்து அழுத்தினார்.

அடுப்படி. மாவுப் பாத்திரம். மேடையில் ஒரு பழுப்புப் பெட்டை தலையைச் சாய்த்துப் போனுக்குள் தேடியது. போனுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"பாஆ... பப்பப்பா... பாஆ?"

வண்டியில் கூண்டுகள் குலுங்கின. எல்லாக் கோழிகளும் எழுந்து நின்று அவர் பக்கம் கத்தின.

தங்கராசு வண்டியைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"அண்ணா, இருக்கீங்களா?" என்றாள் சிவகாமி. "எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டா வர்ற கோழி வேணுமாம். குஞ்சு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றார் செங்கோடன். பிறகு அவர் நிறுத்தவில்லை. எந்தக் குஞ்சு எந்தத் தாயினுடையது, கருப்பிக்கு என்ன பழக்கம், பருந்து வந்தால் எதைக் கவனிக்கவேண்டும் என்று முற்றம் முழுக்க நடந்தபடி பேசிக்கொண்டே இருந்தார்.

பாவாயி கதவருகில் வந்து நின்று கேட்டாள். "இந்த மனுசனுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"எனக்கென்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தங்கராசு கூண்டுகளின் கதவை ஒவ்வொன்றாகத் திறந்தார். "இன்னொரு டீ கொடுங்க."

*

அன்று மாலை மரகதம் கடையில் வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செங்கோடன் வந்து நின்றார். இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை.

"அம்மணி, ஒண்ணுங்க."

"என்ன ஒண்ணு?"

"முப்பத்தொன்பதுல கோழி ஒண்ணு."

மரகதம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எதிரே மேசையில், குழாயோடு இணைத்த ஒரு மைக் ஆன் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது.